கழுவியதும் பாத்தேக் சாயமெல்லாம் போய்விட்டது, என்ன செய்யலாம்?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குக் கலைக்கல்வி எடுக்கிறேன். உண்மையில் நான் கணக்கு ஆசிரியை, ஆள் இல்லை என்று இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். பாத்தேக் பாடம் வந்தது, அதாவது துணியில் மெழுகால் கோடு போட்டு, மெழுகு படாத இடத்தில் மட்டும் சாயம் ஏற்றும் கலை. பத்து பதினோரு வயதுப் பிள்ளைகள் கையில் கொதிக்கிற மெழுகையும், அதை ஊற்றிக் கோடு போடும் சந்திங் பேனாவையும் கொடுக்கப் பயந்து, வெள்ளைக் கம்மால் கோடு போடச் சொல்லிவிட்டு, காய்ந்த பிறகு போஸ்டர் கலர் அடிக்கச் சொன்னேன். பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம் கம் போகட்டும் என்று வெந்நீரில் ஊறவைத்தால், கம்மோடு சேர்ந்து கலரும் போய்விட்டது. 28 துணி, எல்லாம் வெளிறிக் கிடக்கிறது. ஒரு பையன் தன் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "டீச்சர், என் மயில் எங்கே?" என்கிறான். மூன்று வாரத்தில் பெற்றோர் நாள், எனக்குக் கிடைப்பதோ வாரத்துக்கு ஒரு மணி நேரம். காப்பாற்ற வழி உண்டா?

செந்தூல் வாத்தியார்:
டீச்சர், தப்பு கம்மில் இல்லை, கலரில். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் கரையாது, அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி அடியுங்கள், கெட்டியாக அடித்தால் துணி அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். ஒரு ராத்திரி காயவிட்டுத்தான் கழுவ வேண்டும். வெளிறிய துணிகளை வீசாதீர்கள். காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன் மேலேயே மறுபடி கோடு போடலாம், மிச்சமிருக்கும் மங்கல் நிறம் அடியில் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, மெழுகோ கம்மோ, கோடு எங்கேயாவது விட்டுப்போனால் அந்த வழியாகக் கலர் பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் நான் மயில், பூவெல்லாம் விட்டுவிட்டு சிக்குக் கோலம் போடச் சொல்வேன். புள்ளியைச் சுற்றி வளைந்து வந்து தொடங்கிய இடத்திலேயே கோடு முடியும், கலர் ஓட இடமே இருக்காது. பினாங்கிலேயே இருக்கிறீர்கள், 1950களில் பாத்தேக் மெழுகைத் துணிக்கடையிலிருந்து ஓவியத்துக்குக் கொண்டுவந்த சுவா தியான் தெங் உங்கள் ஊரில் வாழ்ந்தவர்தான், அவர் படம் ஒன்றிரண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மூன்று பிள்ளை அம்மா:
ஒரு தாயாகச் சொல்கிறேன், தயவுசெய்து இதை வீட்டு வேலையாகக் கொடுத்துவிடாதீர்கள். போன வருடம் என் மகனுடைய வாவ் பட்டத்துக்கு மூங்கில் சீவியது அவன் அப்பா, காகிதம் ஒட்டியது நான், பெயர் எழுதியது மட்டும்தான் அவன். ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்தோம். கண்காட்சியில் பார்த்தால் எல்லா வாவும் அப்பாக்கள் செய்ததாகவே தெரிந்தது, எங்களுடையது கொஞ்சம் கோணல், அவ்வளவுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தையல் அக்கா:
கம்முக்குப் பதிலாக மைதா மாவு எடுங்கள் தங்கச்சி. அரைக் கப் மாவு, அரைக் கப் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் படிகாரத் தூள், கட்டியில்லாமல் கரைத்து மருதாணிக் கோனில் ஊற்றி முனையை வெட்டிவிட்டால் பிள்ளைகளே கோலம் போட்டுவிடுவார்கள், எங்கள் பெண்களுக்குக் கோன் பிடிக்கச் சொல்லியா தரவேண்டும்! நன்றாகக் காய்ந்ததும் துணியை லேசாகக் கசக்கினால் மாவு வெடிக்கும், அந்த வெடிப்பில் கலர் இறங்கி மெழுகு பாத்தேக்கில் வருவது போலவே மெல்லிய நரம்பு நரம்பாகக் கோடு வரும். கலர் காய்ந்த பிறகு ஊறவைத்துச் சுரண்டி எடுங்கள். துணி சுத்தப் பருத்தியாக இருக்கட்டும், புதுத் துணி என்றால் முதலில் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. இன்று சாயந்திரமே வீட்டில் ஒரு கைக்குட்டையில் மாவுக் கோலம் போட்டுப் பார்த்தேன் அக்கா. ஐந்து புள்ளிக் கோலம்தான், இரண்டு இடத்தில் கோடு தடித்துவிட்டது. இங்கே மதியத்திலிருந்து மழை, மின்விசிறிக்கு அடியில் நாலு மணி நேரமாகியும் நடுவில் பிசுபிசுவென்று இருக்கிறது. பள்ளியில் 28 துணியை எங்கே காயப்போடுவது என்றுதான் இப்போது யோசனை. நூலகத்தில் ஏர்கான் உண்டு, நூலக ஆசிரியையிடம் நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.