பீரங்கிக் குண்டுக்குக் ‘கரந்துறை’ என்னும் அடைமொழி பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தருமபுரி ஐயா முன்வைத்துள்ள, ‘மறைந்து தங்கும் குண்டு’ எனப் பொருள்படும் ‘கரந்துறை குண்டு’ செவிக்கு இனிய சொல்தான். ஆயினும், ரேடாரில் எளிதில் சிக்காதவாறு பீரங்கிக் குண்டை வடிவமைக்கும் முயற்சிக்கு அப்பெயரைச் சூட்டினால், கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படிக்கும் மாணவர் அக்குண்டு ரேடாருக்கு அறவே தெரியாது என்றே எடுத்துக்கொள்வார். இயற்பியல் அவ்வளவு தூரம் இடங்கொடுப்பதில்லை.

விமானத்தின் பரப்புகளைச் சாய்த்து அமைத்து, வந்து மோதும் அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடலாம். பொருள் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்போதுதான் இவ்வுத்தி நன்றாகப் பலிக்கும். பறந்துவரும் குண்டைத் தொடர்ந்து எதிரிப் பீரங்கி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூரு ஆய்வகமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் உருவாக்கிய ‘சுவாதி’ ரேடார் இயங்கும் சி அலைவரிசையில் அலைநீளம் ஏறத்தாழ 4 முதல் 7.5 சென்டிமீட்டர், 155 மில்லிமீட்டர் குண்டின் விட்டமோ அதைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்குதான். கூரிய முனையும் தட்டையான அடிப்பகுதியும் காற்றும் பீரங்கிக் குழலும் விதித்த வடிவங்கள் என்பதால், அவற்றை விமானத்தைப் போலச் சாய்பரப்புகளாக மாற்றினால் காற்றுத்தடை கூடி, குண்டு எட்டும் தூரமும் குறியும் கெடும்.

பூச்சு பூசி அலையை உறிஞ்சச் செய்யலாமே என்று ஐயா கேட்டிருந்தார். எளிய உறிஞ்சுபூச்சுக்கு அலைநீளத்தில் கால் பங்குத் தடிமன், அதாவது இங்கே ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் தேவைப்படும். குண்டைச் சுற்றியுள்ள செம்புப் பட்டை குழலின் உட்புரிகளில் அழுந்திக் கடித்துக்கொண்டு சுழல்வதால்தான் குண்டுக்குச் சுழற்சியே கிடைக்கிறது; ஓசூர்ப் பட்டறையில் லேத் ஓட்டியவர்களுக்கு, அந்த இடுக்கில் மில்லிமீட்டரில் ஒரு பங்குகூட விட்டுக்கொடுக்க முடியாது என்பதை விளக்கத் தேவையில்லை. தடிமன் குறைந்த காந்தவகைப் பூச்சுகள் உண்டு. அவை கனமானவை, எடைச் சமநிலையைக் குலைப்பவை. போதாக்குறைக்கு, புவியீர்ப்பைப் போல 10,000 மடங்குக்கும் மேற்பட்ட முடுக்கத்தையும் குழலின் வெப்பத்தையும் தாங்கி அப்பூச்சு உரியாமல் நிற்க வேண்டும்.

என் வாதத்தின் மையம் இனிமேல்தான் வருகிறது. ரேடார் ஒரு பொருளைக் காணும் தொலைவு, அப்பொருள் அலையைத் திருப்பியனுப்பும் பரப்பின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தது. ஆகவே அப்பரப்பைப் பதினாறில் ஒரு பங்காக்கினாலும் தொலைவு பாதியாகத்தான் சுருங்கும். பீரங்கி நின்ற இடத்தைக் கணிக்க, குண்டு செல்லும் பாதையில் ஒரு சிறு துண்டைத் தொடர்ந்தாலே ரேடாருக்குப் போதுமானது. இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது குறைப்புதானே ஒழிய மறைப்பு அன்று. சொல்லும் அதையே சொல்ல வேண்டும்.

ஆகவே ‘குறைபுலப்பாடு’ என்பதை முன்மொழிகிறேன். ‘குறைபுலப்பாட்டுக் குண்டு’, ‘புலப்பாட்டைக் குறைத்தல்’ என்று தொடர்களிலும் அது இயல்பாக அமர்கிறது. அலையைத் திருப்பியனுப்பும் பரப்புக்கு இப்போது வழங்கும் ‘ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பு’ என்னும் பெயர், குண்டை அறுத்தால் கிடைக்கும் வட்டத்தை நினைவூட்டுகிறது. அவ்வட்டத்தின் அளவு மாறாதது, ரேடார் காணும் பரப்போ திசைக்கும் அலைநீளத்துக்கும் ஏற்ப மாறுவது. ரேடார் காணும் பரப்புக்குப் ‘புலப்பாட்டுப் பரப்பு’ என்றால் இரண்டு சொற்களும் ஒரே வேரில் நிற்கும். ‘கரந்துறை’யை நீருக்கடியில் உண்மையிலேயே கரந்து உறையும் நீர்மூழ்கிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐயாவும் மற்றவர்களும் மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து