உப்புவெளி வீட்டார் (திருகோணமலை, குடும்பக் குழு அரட்டை): வெள்ளிக்கிழமை புறாத்தீவுக்கு

புதன்கிழமை, இரவு

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது. நாளை விடியக் கண்டியிலிருந்து வெளிக்கிடுகிறோம். மத்தியானம் பெரியம்மா வீட்டில் நிற்போம். வெள்ளிக்கிழமை புறாத்தீவு போகலாமா? அபி சுறா பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான்.

பெரியம்மா: வாங்கோ பிள்ளை. நாளைக்குப் புட்டும் நண்டுக் குழம்பும். வெள்ளிக்கிழமை சைவம், அதை இப்போதே சொல்லிவிட்டேன்.

சுதன்: ஓம் அக்கா, தாராளமாகப் போகலாம். கடல் நல்ல அமைதி. இந்தப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் காலம். வாடைக்காற்று தொடங்கினால் வள்ளம் இறக்க முடியாது, தண்ணீரும் கலங்கிவிடும். ஆனால் வெள்ளனவே வர வேண்டும். வெயில் ஏறினால் சனமும் ஏறும்.

நேசன் மாமா (டொரொண்டோ): நான் டிசம்பரில் வரலாம் என்று இருந்தேனே சுதன்.

சுதன்: டிசம்பர் வேண்டாம் மாமா. கடல் பார்க்க வருவதென்றால் ஜூலையில் வாருங்கள். உங்களுக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, தீவுக்கான டிக்கெட் பல மடங்கு வரும். அதைக் கொடுத்துவிட்டுக் கலங்கின தண்ணீரைப் பார்ப்பதா?

தர்ஷி: செல்வி அக்கா, டிக்கெட் நிலாவெளிக் கடற்கரையில், வனஜீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் எடுக்க வேண்டும். வள்ளக் காசு தனி. உங்கள் இருவரின் அடையாள அட்டையையும் மறக்காதீர்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய் இறங்கிவிடலாம்.

செல்வி: கயலுக்கு நீந்தத் தெரியாது தர்ஷி. அவளைக் கரையில் வைத்திருக்கவா?

தர்ஷி: ஏன் கரையில்? லைஃப் ஜாக்கெட் போட்டு, நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். முருகைக்கல் (பவளப்பாறை) இடுப்பளவுத் தண்ணீரிலேயே தொடங்கிவிடும், ஆழத்துக்குப் போகத் தேவையே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் அக்கா, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் தண்ணீருக்குள் பார்க்கப் போடுகிற முகமூடிக்குள் தண்ணீர் வந்தவுடன் பயந்து காலை ஊன்றுவார்கள். ஊன்றுகிற இடம் முருகை. ‘மளுக்’ என்று முறியும். போன கிழமை ஒரு கூட்டம் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் நாளை பின்னேரமே இரண்டு பிள்ளைகளையும் உப்புவெளிக் கடலில் இறக்குவோம். அங்கே அடியில் வெறும் மணல். முகமூடி போட்டு, வாயால் மூச்சு விட்டு, குப்புற மிதக்கப் பழகட்டும். தண்ணீர் புகுந்தால் காலைத் தேடாமல் மல்லாந்து மிதந்தால் போதும். அதைப் பழகிவிட்டால் தீவில் பயமே இல்லை.

செல்வி: நல்ல யோசனை. கல் முறிந்தால் திரும்ப வளராதா என்று அபி கேட்கிறான்.

தர்ஷி: அபி, அது உயிர். கிட்டப் போய்ப் பார், மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு பிராணி. பகலில் பெரும்பாலும் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும், இரவில் கைகளை விரித்து இரை பிடிக்கும். அதன் உடம்புக்குள்ளே ஒரு பாசி குடியிருக்கிறது, வெயிலில் உணவு செய்து அதற்கும் கொடுக்கும். கடல் அளவுக்கு மேல் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், முருகை வெள்ளையாகிப் பட்டினி கிடக்கும்.

வளரும், ஆனால் மெதுவாக. கிளை விடுகிற வகை வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் அளவு வளரலாம். உருண்டையாக இருக்கிற வகை 1 சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. ஒரு மீற்றர் உயரத்தில் ஒன்றைக் கண்டால் அதற்கு நூறு வயது என்று நினைத்துக்கொள்.

செல்வி: வாசித்துக் காட்டினேன். கண்ணை விரித்துக்கொண்டு இருக்கிறான். கயல் மீனைப் பற்றிச் சொல்லட்டுமாம்.

தர்ஷி: கயலுக்குக் கிளிமீன். பச்சையும் நீலமுமாக, வாய் கிளியின் அலகு மாதிரியே இருக்கும். கல்லைக் கடித்துப் பாசி தின்னும்போது தண்ணீருக்குள் ‘கறுக் கறுக்’ என்று நன்றாகக் கேட்கும். தின்ற கல் தொண்டையில் இருக்கிற பற்களால் அரைபட்டு, வெள்ளை மணலாக வெளியே வரும். காத்திருந்தால் அந்த மணல் பின்னால் புகைபோலக் கொட்டுவதையும் பார்க்கலாம்.

சுதன்: சுறா காலையில்தான் கரையோரம் சுற்றும். செட்டை நுனி கறுப்பாக இருக்கும். கூச்ச சுபாவம், ஆளைக் கண்டால் விலகிப் போகும். கையைக் காலை அடிக்காமல் அப்படியே மிதந்தால் கிட்ட வரும். துரத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆமையும் அப்படித்தான், தொடவே கூடாது.

நேசன் மாமா: வெள்ளைக்காரர் காலத்தில் அந்தத் தீவைச் சுட்டுப் பழகத்தான் வைத்திருந்தார்கள். பாறையில் கூடு கட்டுகிற புறாக்கள் அதற்குப் பிறகும் மிஞ்சி இருப்பதே பெரிய காரியம். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா. பிறகும் சண்டைக் காலத்தில் நினைத்தபடி கடலுக்குப் போகக்கூட முடியவில்லை. பிள்ளைகள் இப்போது போவதைக் கேட்க மனம் நிறைகிறது.

பெரியப்பா: எல்லோரும் மீனையே சொல்கிறீர்கள். செல்வி, பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாய்தானே? இரட்டைத் தேங்காய் மரம் பார்த்தார்களா?

செல்வி: பார்த்தார்கள் பெரியப்பா. அபி காயைத் தூக்கிப் பார்க்க முடியாதா என்று கேட்டான்.

பெரியப்பா: உலகத்திலேயே கனமான விதை அதுதான், 20 கிலோவையும் தாண்டும். அபி, இதை யோசித்துப் பார். நம்முடைய தேங்காய் கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். இரட்டைத் தேங்காய் முளைக்கக்கூடிய பருவத்தில் தண்ணீரில் தாழ்ந்துவிடும், உள்ளே அழுகின வெறும் ஓடுதான் மிதக்கும். அதனால்தான் சீஷெல்ஸில் பிரஸ்லின், கியூரியூஸ் என்ற இரண்டு தீவுகளை விட்டு அது தானாக எங்கும் போகவில்லை. பேராதனைக்கு மனிதர் கொண்டுவந்து வைத்தது.

வெள்ளிக்கிழமை வள்ளம் ஏற முன்னர் நிலாவெளி மணலில் கொஞ்சம் நில்லுங்கள். அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். அதன் விதை உப்புத் தண்ணீரில் மிதந்து போய் எங்கே ஒதுங்கினாலும் முளைக்கும். பக்கத்தில் இராவணன் மீசை, முள் உருண்டையாக விதை கட்டி, காற்றில் உருண்டு ஓடும். இவை இரண்டும் வேரால் பிடிக்காவிட்டால் அந்த மணல் மேடு நில்லாது. பேராதனையில் பெயர்ப்பலகை இருக்கிறது. இங்கே பலகை இல்லை, நானே வந்து சொல்கிறேன்.

செல்வி: நீங்களும் வருகிறீர்களா? மிகவும் சந்தோஷம் பெரியப்பா!

பெரியப்பா: கரை வரைக்கும். முழங்கால் வள்ளம் ஏற விடாது.

வியாழக்கிழமை, காலை

செல்வி: மாத்தளை தாண்டிவிட்டோம். சன்ஸ்கிரீன் வாங்கட்டுமா?

தர்ஷி: வேண்டாம் அக்கா, நீளக் கைச் சட்டை போடுங்கள். ஆக்சிபென்சோன் போன்ற சில சேர்மானங்கள் முருகைக்குக் கெடுதி. ஹவாயில் 2021 முதல் அவற்றை விற்கவே தடை. செருப்பு கட்டாயம், தீவின் கரை முழுக்க உடைந்த முருகைத் துண்டு, வெறுங்காலைக் கிழிக்கும். அப்புறம் கயல் சிப்பி பொறுக்குவாள் என்று தெரியும், அங்கே வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். தேசியப் பூங்காவிலிருந்து செத்த துண்டைக்கூட எடுக்கக் கூடாது. உப்புவெளியில் வேண்டிய அளவு பொறுக்கட்டும்.

பெரியம்மா: சாப்பாடு தீவுக்குக் கொண்டு போகாதீர்கள். புளிச்சாதம் வாழையிலையில் கட்டி வைக்கிறேன், திரும்பி வந்து நிலாவெளியில் மரநிழலில் இருந்து சாப்பிடலாம். தண்ணீர் மட்டும் வீட்டுப் போத்தலில். ஷொப்பிங் பை ஒன்றும் வேண்டாம். பின்னேரம் கோணேஸ்வரம் போகும்போது கோட்டைக்குள் மான்கள் அந்தப் பையைத்தான் மென்றுகொண்டு நிற்கும், பார்க்கவே வயிறு எரியும்.

சுதன்: வான் வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வாசலில் நிற்கும். நான் நிலாவெளியில் வள்ளத்தோடு நிற்பேன். அக்கா, பிள்ளைகளின் வயது என்ன? பெரியவர்களின் முகமூடி போட்டால் தண்ணீர் ஒழுகும், சின்ன அளவு தேடி எடுக்க வேண்டும்.

செல்வி: அபிக்கு 9, கயலுக்கு 6.

சுதன்: சரி. இரண்டையும் இன்றைக்கே தர்ஷியிடம் கொடுத்து விடுகிறேன், பின்னேரம் பழக உதவும்.