ஆர்க்டிக் கவுன்சில் செத்துவிட்டது என்பவர்கள் "தற்காலிகமாக" என்ற சொல்லை ஏன் மறைக்கிறார்கள்?

வடமீன்:
உக்ரைன் போர் பற்றிய இழையில் கடலோடி நேற்று எழுதிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "உக்ரைனில் குண்டு விழுந்த அடுத்த வாரமே ஆர்க்டிக் கவுன்சில் செத்துவிட்டது, எங்கோ நடக்கும் போர் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பை எப்படி அறுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா" என்று கேட்டிருக்கிறார். ஆர்க்டிக் கவுன்சில் என்பது வடதுருவத்தை ஒட்டிய எட்டு நாடுகள் கூடிப் பேசும் அமைப்பு. 2022 மார்ச் 3 அன்று வெளிவந்த கூட்டறிக்கையை அவர் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். கனடா, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன், அமெரிக்கா என ரஷ்யா தவிர்த்த ஏழு நாடுகளும் கவுன்சில் கூட்டங்களில் பங்கேற்பதைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாகத்தான் அதில் அறிவித்தன. தற்காலிகமாக என்றுதான் இருக்கிறது. கவுன்சிலை யாரும் கலைக்கவில்லை, ரஷ்யாவை யாரும் நீக்கவில்லை, ரஷ்யாவும் வெளியேறவில்லை. உயிரோடு இருப்பதைச் செத்துவிட்டது என்று எழுதுவது பிழை, திருத்திக்கொள்ளுங்கள்.

கடலோடி:
திருத்த ஒன்றுமில்லை, வடமீன். அறிக்கையை நானும் படித்தேன். போர் தொடங்கியது 2022இல். 2023 மே மாதம் தலைமைப் பொறுப்பு ரஷ்யாவிடமிருந்து நார்வேக்குக் கைமாறிய கூட்டம் இணையவழியாக நடந்தது. 2025 மே மாதம் நார்வேயிடமிருந்து டென்மார்க்குக்குக் கைமாறிய கூட்டமும் இணையவழியாகவே நடந்தது. எட்டு நாட்டு அமைச்சர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார முடியாத ஓர் அமைப்பை உயிரோடு இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். எழுதியவர்கள் தங்கள் மனச்சாட்சிக்காகச் சேர்த்துக்கொண்ட சொல்தான் அந்தத் "தற்காலிகம்".

நெடுங்கரை:
இருவரும் ஒத்துழைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? அமைச்சர்கள் சந்திப்பதையா, அறிவியலாளர்கள் தரவு பகிர்வதையா, கடலில் மூழ்கும் படகைத் தேடி மீட்பதையா? முதலில் அதை வரையறுத்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

வடமீன்:
கடலோடி, சொல்லை எழுதியவர்களின் மனச்சாட்சிக்குள் நீங்கள் எப்போது போய்ப் பார்த்தீர்கள்? அறிக்கையில் இருப்பதை மட்டும் பேசுவோம். 2022 ஜூன் 8 அன்று அதே ஏழு நாடுகளும், ரஷ்யா பங்கு பெறாத திட்டங்களில் வேலையை மீண்டும் தொடங்குவதாக அறிவித்தன. சுமார் 130 திட்டங்களில் ஏறத்தாழ 70 திட்டங்கள் உயிர் பெற்றன. 2024 தொடக்கத்தில் பணிக்குழுக்கள் ரஷ்யர்களையும் சேர்த்துக்கொண்டு இணையவழியில் கூடுவதற்கு எட்டு நாடுகளும் ஒப்புக்கொண்டன. நிறுத்திவைத்ததை மறுபடி தொடங்கினார்கள் என்றால் அது தற்காலிகம்தானே?

உறைபனி:
நான் இந்த வாதத்தின் அடித்தளத்தையே மறுக்கிறேன். உக்ரைன் போரை "எங்கோ நடக்கும் போர்" என்று இருவரும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். நார்வே எல்லையை ஒட்டியுள்ள பெச்செங்காவில் இருந்த ரஷ்யாவின் 200ஆவது காலாட்படைப் பிரிவு 2022இல் கார்கிவ் முனைக்கு அனுப்பப்பட்டு அங்கே பெரும் இழப்பைச் சந்தித்தது. 2025 ஜூன் 1 அன்று உக்ரைனின் ட்ரோன்கள், நார்வேக்குக் கிழக்கே ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ள ஒலென்யா விமானத் தளத்தைத் தாக்கின. பக்கத்து ஊர்ப் படைமுகாம் காலியாகிப் போர்முனைக்குப் போவதையும், அந்தப் போரே திரும்பி வந்து பக்கத்து விமானத் தளத்தில் விழுவதையும் பார்த்த பிறகும், இதைத் தொலைதூரப் போர் என்பது வரைபடத்தை மட்டும் பார்ப்பவரின் பேச்சு. ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள நார்வேயின் கிர்கெனெஸ் நகரின் தெருப் பெயர்ப்பலகைகளில் நார்வே எழுத்துக்குக் கீழே ரஷ்ய எழுத்தும் இருக்கிறது. எல்லையின் இருபுறமும் 30 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்கள் விசா இல்லாமல் ஓர் அட்டையைக் காட்டிக் கடந்து போகலாம் என்று 2012இல் ஏற்பாடு செய்தார்கள். பலகை இன்னும் தொங்குகிறது. அதைப் படித்துக்கொண்டு கடைக்கு வந்தவர்கள்தான் வருவதில்லை.

வடமீன்:
உறைபனி, உங்கள் பதிவு உருக்கமாக இருக்கிறது. ஆனால் இங்கே கேள்வி கிர்கெனெஸ் கடைத்தெருவைப் பற்றியது அல்ல, கவுன்சிலைப் பற்றியது. கவுன்சிலைத் தொடங்கிவைத்த 1996 ஒட்டாவா பிரகடனத்தின் அடிக்குறிப்பிலேயே, இராணுவப் பாதுகாப்பு சார்ந்தவற்றைக் கவுன்சில் கையாளக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். போர் வந்தாலும் மேசை உடையக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குறிப்பு. 2014இல் கிரீமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டபோது, மாஸ்கோவில் நடந்த ஒரு கூட்டத்தைக் கனடா புறக்கணித்ததோடு சரி. கவுன்சில் தொடர்ந்து நடந்தது, 2017இல் ஃபேர்பேங்ஸில் எட்டு நாடுகளும் அறிவியல் ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலேயே கையெழுத்திட்டன.

கடலோடி:
கிரீமியாவைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் நீங்கள் மூன்று நாள் என்னை அலைக்கழித்தீர்கள், நான் மறக்கவில்லை. 2014ஐ எடுத்துக்காட்டுவது உங்கள் வாதத்தையே கவிழ்க்கிறது. அன்று நிற்காத கவுன்சில் 2022இல் நின்றது என்றால் இந்தப் போர் எதையோ உடைத்திருக்கிறது என்றுதானே பொருள்? வட ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் சேர்ந்து 1993 முதல் நடத்திவந்த பேரண்ட்ஸ் யூரோ-ஆர்க்டிக் கவுன்சிலில் இருந்து ரஷ்யா 2023 செப்டம்பரில் வெளியேறியது. அதுவும் தற்காலிகமா?

வடமீன்:
பேரண்ட்ஸ் கவுன்சில் வேறு, ஆர்க்டிக் கவுன்சில் வேறு. நீங்கள் செத்துவிட்டது என்று எழுதியது எதை? அதில் ரஷ்யா இன்றும் உறுப்பினர்.

ஒத்துழைப்பு சாகவில்லை என்பதற்கு மீனைப் பாருங்கள். வடகிழக்கு ஆர்க்டிக் காட் மீன் நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளை ஒட்டி முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு பேரண்ட்ஸ் கடலுக்குப் போகின்றன. இளமீன்களில் பெரும்பகுதி ரஷ்யாவின் பரப்பில் வளர்ந்து, பருவம் வந்ததும் நார்வேப் பக்கம் திரும்புகிறது. ரஷ்யப் படகுகள் தங்கள் பரப்பில் இளமீனை வாரினால் இரண்டு நாட்டுக்கும் மீன் இல்லாமல் போகும் என்பதால், ரஷ்யர்கள் நார்வேயின் பரப்புக்கு வந்து வளர்ந்த மீனைப் பிடித்துக்கொள்ளலாம் என்று 1970களின் நடுவில் கூட்டு மீன்வள ஆணையம் அமைத்து ஏற்பாடு செய்தார்கள். உக்ரைன் போருக்கு நடுவிலும் அந்த ஆணையம் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டை முடிவு செய்கிறது. 2025க்கு 3,40,000 டன் காட் மீன் என்று உடன்பட்டார்கள். ரஷ்யக் கப்பல்களுக்குத் துறைமுகங்களை மூடிய நார்வே, மீன்பிடிக் கப்பல்களுக்கு மட்டும் டிராம்சோ, கிர்கெனெஸ், போட்ஸ்ஃபியோர்ட் ஆகிய மூன்றைத் திறந்து வைத்தது. பனிப்போர் நடந்த 1973இலேயே சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் கனடா, டென்மார்க், நார்வேயுடன் சேர்ந்து பனிக்கரடிப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இழப்பு இருவருக்கும் பொது என்றால் எந்தப் போரும் அந்தக் கயிற்றை அறுக்காது.

கடலோடி:
பேரண்ட்ஸ் கவுன்சில் வேறு என்று என்னைத் தடுத்தவர், அடுத்த பத்தியிலேயே இரண்டு நாட்டு மீன்வள ஆணையத்தைக் கொண்டுவந்து கவுன்சிலுக்குச் சான்றாக வைக்கிறார். எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?

நெடுங்கரை:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைநிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆர்க்டிக் கடற்கரையில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுடையது. சைபீரியாவின் உறைநிலம் எவ்வளவு உருகுகிறது என்ற கள அளவீடு மேற்கு நாட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைக்காமல் போனால், உலகம் முழுவதற்குமான கணக்கில் ஓட்டை விழுகிறது. அதை ஒத்துழைப்பின் இழப்பு என்று எண்ணுகிறீர்களா, இல்லையா?

உறைபனி:
வடமீனின் கயிறு வாதத்துக்கு என் பதில்: போர் தொடங்கிய பிறகு பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் நேட்டோவில் சேர்ந்தன. எட்டில் ஏழு நாடுகள் இன்று ஒரே இராணுவக் கூட்டணியில் இருக்கின்றன. அடிக்குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும், அந்த மேசையில் எட்டாவது நாற்காலிக்காரர் தன்னைச் சுற்றி யாரைப் பார்ப்பார்?

வடமீன்:
நேட்டோவைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பதில் சொல்கிறேன். உறைநிலத் தரவு நின்றது உண்மையான இழப்பு. அதை நான் எங்கும் மறுக்கவில்லை, நெடுங்கரை. ஆனால் கவுன்சில் செத்துவிட்டது என்று கடலோடி எழுதிய வரி இன்னும் அந்த இழையில் அப்படியே இருக்கிறது.

கடலோடி:
இருக்கட்டும். நீக்க மாட்டேன். எட்டு அமைச்சர்களும் ஒரே அறையில் கூடும் நாளில் வந்து சொல்லுங்கள்.

வடமீன்:
அறிக்கையின் அந்த ஒரே ஒரு வாக்கியத்தைத் தமிழில் முழுமையாக இங்கே எழுதுங்கள், கடலோடி. "தற்காலிகமாக" என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள். அதன் பிறகு பேசுவோம்.