'நடுத்தர அளவு ______ ஒன்று தேவை': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

குலசேகரம், செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். எங்கள் ரப்பர் விவசாயிகள் சங்கத்தின் மரம் அறுக்கும் மிஷின் போன வாரம் போய்விட்டது. ஆயில் கலக்காத பெட்ரோலை யாரோ ஊற்றிவிட்டார்கள், பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பழுது பார்க்கிற காசுக்குப் பாதிப் புதுசு வாங்கலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை விலைப்புள்ளி கேட்டு அறிவிப்பு ஒட்டவேண்டும், கூடவே வேலையாட்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. இரண்டையும் எழுதுவது என் தலையில் விழுந்தது. முதல் வரியிலேயே நிற்கிறேன்: 'நடுத்தர அளவு ______ ஒன்று தேவை.' செயின் சா என்று போட்டேன். "என்ன தம்பி, நோட்டீசிலேயே சா என்கிறாய்?" என்று செயலாளர் அடித்துவிட்டார்.

நாகர்கோவில், புதன் காலை

தம்பி, தமிழில் இதற்குச் சொல் இல்லையா? நம் ஊரில் ரம்பம் என்று யாரும் சொல்வதில்லை, வாள்தான். அதற்கு வள்ளுவரே சாட்சி. 334ஆம் குறளில் நாள் என்பது உயிரை 'ஈரும் வாள்'. போர்வாள் வெட்டும், ஈராது. முன்னும் பின்னும் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும் வாள்தான் ஈரும். ஆகவே அது அறுக்கிற வாள். ஈர்வாள் என்று வினைத்தொகையாகவே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சங்கிலி. அது சிருங்கலா என்ற வடசொல்லின் வழி வந்தது. யானையைப் பிணிக்கும் இரும்புக்குப் பழைய தமிழ்ப் பெயர் தொடர். ஆக, தொடர்வாள். சுருக்கமாகவும் இருக்கிறது, தூய்மையாகவும் இருக்கிறது.

மார்த்தாண்டம், புதன் பகல்

ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நடுத்தர அளவு தொடர்வாள் ஒன்று தேவை' என்று ஒட்டினால், எவள், எதைத் தொடர்வாள் என்று கேட்பார்கள். எங்கள் அம்மா சீரியல் என்றே நினைப்பார்.

நான் இந்த மிஷின்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் சொல்வது மிஷின் வாள். உறுப்புகளுக்கு செயின், பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), பிளக். 2017 நவம்பர் 30 ஓகி புயல் அடித்தபோது ரோட்டில் எங்கும் மரம். அன்றைக்கு எல்லாரும் கேட்டது "வாள் உண்டா?" என்றுதான். அந்த நேரத்தில் வினைத்தொகை யாருக்கும் தேவைப்படவில்லை.

பெங்களூர், புதன் இரவு

மிஷின் வாள் என்றால் மரம் அறுக்கும் தடி மில்லில் ஓடும் நாடா வாளும் மிஷின் வாள்தானே அக்கா? பொருளை வேறுபடுத்தாத சொல் கலைச்சொல்லே அல்ல. ஈர்வாளை ஏற்கிறேன், ஆனால் 'சங்கிலி ஈர்வாள்' கூடாது. மர ஈர்வாள் மரத்தை அறுப்பது என்றால், சங்கிலி ஈர்வாள் சங்கிலியை அறுப்பது என்றாகும். 'சங்கிலி வாள்' என்று விட்டால், சங்கிலியால் அறுக்கும் வாள் என்று உருபும் பயனும் உடன்தொக்கதாக விரிக்கலாம்.

ரம்பத்தையும் அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். அரம் என்பதிலிருந்து அரம்பம், அதன் தலை தேய்ந்து ரம்பம் என்பது என் கட்சி. அரமும் மரமும் சேர்ந்தே 997ஆம் குறளில் வருகின்றன.

நாகர்கோவில், வியாழன் காலை

அங்கே அரம் என்பது கூர்மைக்கு உவமை, ராவுகிற கருவி. அதை ரம்பத்துக்குச் சாட்சியாக இழுப்பது நியாயமா? தவிர, பல்லை வைத்து ஏன் பெயரிடக்கூடாது? இன்று ஓடும் சங்கிலியின் பல் 1946-இல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி கண்ட வடிவம். மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு இடமும் வலமும் மாறிமாறிக் கடிப்பதைப் பார்த்து அப்படிச் செய்தார். மரம் அரிக்கும் புழுவுக்கு நம்மிடம் பெயரா இல்லை? உளுவாள் என்று...

மார்த்தாண்டம், வியாழன் காலை

உளு வேண்டாம் ஐயா! உளுத்த வாளை யார் வாங்குவார்?

தம்பிக்கு வெள்ளிக்கிழமை நாளைக்கு. பெயரை விடுங்கள், வாங்குகிற பொருளைப் பாருங்கள். 'நடுத்தர அளவு' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். ஓரடி, ஒன்றேகால் அடி குறுக்களவு உள்ள ரப்பர் தடிக்கு 50 சிசி எஞ்சினும் 18 அங்குலப் பாரும் தாராளம். செயினின் பிட்சையும் எழுதச் சொல்லுங்கள்: அடுத்தடுத்த மூன்று ஆணிகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் பாதி. அது பல்சக்கரத்துக்குப் பொருந்தாவிட்டால் புதுச் செயின் ஏறாது. செயின் பிரேக் கட்டாயம்.

உங்கள் பழைய பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தீர்களா? புகை போகும் பக்கத்தில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறினதுபோல் கோடு கோடாக இருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியதற்கு அடையாளம். டூ ஸ்ட்ரோக் ஆயில் டப்பாவில் 50:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். குறிப்பில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

குலசேகரம், வியாழன் மாலை

அக்கா, பெரிய உதவி. குறிப்பில் இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொண்டேன். பாரின் நுனி, அதுவும் மேல்பாதி, மரத்தில் பட்டால் வாள் சட்டென்று ஆளை நோக்கி எழும்புமே, அதற்கு என்ன சொல்?

பெங்களூர், வியாழன் இரவு

எதிருதைப்பு. விசைக்கு எதிர்விசை போல.

நாகர்கோவில், வியாழன் இரவு

பின்னெகிறல் இன்னும் நயம்.

மார்த்தாண்டம், வியாழன் இரவு

கடையில் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூக்கு தட்டினா மேல வரும்." பாரின் நுனியை அவர்கள் மூக்கு என்பார்கள். 'மூக்கு தட்டக்கூடாது' என்று எழுதுங்கள். எதிருதைப்பு என்று எழுதினால் அது என்ன என்று யோசிப்பதற்குள் வாள் முகத்துக்கு வந்துவிடும். அதே ஆள்தான் செயின் மழுங்கியதைக் கண்டுபிடிக்கவும் சொல்லித் தந்தார்: நன்றாக இருந்தால் தேங்காய்த் துருவல் மாதிரி வரும், மழுங்கினால் மாவு மாதிரி. இதற்குக் கலைச்சொல் கேட்காதீர்கள்.

பெங்களூர், வியாழன் இரவு

மூக்குக்குச் சரி, ஏற்கிறேன். ஆனால் மிஷினுக்கு இல்லை. இதைப் பதிவு செய்துகொள்ளவும்.

குலசேகரம், வெள்ளி பகல்

ஒட்டியாயிற்று. தனிமடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினேன்: மிஷின் வாள் ஐந்து, சங்கிலி வாள் மூன்று, தொடர்வாள் ஒன்று. 'நடுத்தர அளவு மிஷின் வாள் (50 சிசி, 18 அங்குலம், செயின் பிரேக் உள்ளது) ஒன்று தேவை' என்று போட்டேன். செயலாளர் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பில் மூக்கு இருக்கிறது, துருவலும் இருக்கிறது. 20 மில்லிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

நாகர்கோவில், வெள்ளி இரவு

ஒட்டிவிட்டீர்கள், சரி. மிஷினை எந்திரம் என்றாவது மாற்றியிருக்கலாம். எந்திரமும் யந்திரம் என்ற வடசொல்தானே என்று பெங்களூர்க்காரர் கிளம்பும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: பொறி இருக்கிறது. பொறிவாள். இதில் எவளும் வரமாட்டாள். அடுத்த அறிவிப்புக்காவது...