ஸ்டூடிபேக்கர் லாரி: பார்த்தவர்கள், ஓட்டியவர்கள் வந்து சொல்லுங்கள்

பழைய இரும்பு:

தலைப்பிலேயே ‘லாரி’ என்று போட்டிருக்கிறேன், கவனிக்கவும். ஸ்டூடிபேக்கர் என்ற பழைய அமெரிக்க வண்டிக் கம்பெனியின் பேச்சை எடுத்தாலே எல்லோரும் காருக்குப் போய்விடுகிறார்கள். விமான மூக்கு வைத்த 1950 சாம்பியன், அவான்டி, அப்புறம் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி. அதெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே லாரி, பிக்கப், பட்டாள வண்டி மட்டும். நானே தொடங்கி வைக்கிறேன்.

2009-ல் எனக்கு இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் வேலை, ஸ்டூடிபேக்கரின் சொந்த ஊர். ஊருக்கு மேற்கே, சோளக்காட்டு ஓரம் வாடகை வீடு. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பதை ஒட்டிய வயது. அவருடைய களஞ்சியக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வண்டி கிடந்தது. அவர் அப்பா புதிதாக வாங்கிய 1951 ஸ்டூடிபேக்கர் 2ஆர்5, அரை டன் பிக்கப். பச்சை நிறம். அதாவது, ஒரு காலத்தில் பச்சை.

ஒரு சனிக்கிழமை “ஓட்டிப் பார்க்கிறாயா?” என்று சாவியைக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். பேட்டரி காலி போலிருக்கிறது என்றேன். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று சிரிக்கிறார். இந்த விளையாட்டை எத்தனை பேரிடம் காட்டியிருப்பாரோ! “கிளட்சைத் தரையோடு மிதி” என்றார். மிதித்தேன். என்ஜின் உதறிக்கொண்டு எழுந்தது. ஸ்டார்ட்டர் சுவிட்ச் கிளட்ச் பெடலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கிளட்சை முழுசாக அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்பதால் கியரில் கிடக்கும் வண்டி திடுமென்று பாயாது. இன்றைய கார்களில் இதையே பாதுகாப்பு வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள்.

ஆறு சிலிண்டர் என்ஜின். முக்கல் முனகல் இல்லாமல் ஓடியது, ஆனால் எந்த அவசரமும் கிடையாது. வடிவம் ராபர்ட் பர்க் வரைந்தது. அந்தக் காலத்து மற்ற பிக்கப்புகளில் கதவுக்கு வெளியே கால் வைத்து ஏறப் பலகை துருத்திக்கொண்டிருக்கும். இதில் படி கதவுக்குள்ளே மறைந்துவிடுகிறது. சரக்குத் தொட்டிக்கு இரட்டைச் சுவர். உள்ளே கல்லைப் போட்டாலும் இரும்பைப் போட்டாலும் உட்சுவர் நசுங்குமே தவிர வெளியே தெரியாது. பெரியவர் உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். உட்சுவர் அம்மை விழுந்த முகம் மாதிரி இருந்தது. வெளிச்சுவரில் ஒரு பள்ளம்கூட இல்லை.

ரயில் பாதைக்கு ஏறும் மேட்டில் நிறுத்தச் சொன்னார். பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதித்து நின்றதும், “இப்போது பிரேக்கிலிருந்து காலை எடு.” எனக்குப் பயம், பின்னால் பள்ளம். எடுத்தேன். வண்டி அசையவில்லை. ‘ஹில் ஹோல்டர்’ என்று பெயர், 1936-லிருந்தே ஸ்டூடிபேக்கர் வைத்திருந்தது. பிரேக் குழாய் வழியில் ஒரு சின்ன வால்வு, அதற்குள் ஒரு குண்டு. மேட்டில் நிற்கும்போது குண்டு தானே உருண்டுபோய் வழியை அடைத்துக்கொள்ளும். கிளட்ச் மிதிபட்டிருக்கும் வரைக்கும் பிரேக் விடாது. கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை, ஒரே ஒரு குண்டு. அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நம்பர் பிளேட் பற்றி, என்ஜின் கன அளவு பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. அடுத்தவர் வாங்க.

லேத்துப்பட்டறை:

அண்ணா, நீங்கள் சொல்வது அவர்களுடைய நல்ல காலம். நான் பார்த்தது கஷ்ட காலத்து வண்டி.

ஒஹாயோவில் ஒரு பழைய உதிரிபாகச் சந்தை. வரிசையில் ஒரு 1962 சாம்ப் பிக்கப் நின்றது. கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தேன், ஏதோ இடித்தது. கேபின் ஒரு வண்டியுடையது, தொட்டி வேறு வண்டியுடையது போல. கேபின் பக்கவாட்டில் ஓடும் கோடு தொட்டியில் தொடரவில்லை, வேறு உயரத்தில் வேறு கோடு ஓடுகிறது. தொட்டி கேபினைவிட அகலம், இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. சின்னப் பையனுக்கு அப்பாவின் கால்சட்டை போட்டுவிட்ட மாதிரி. யாரோ விபத்துக்குப் பிறகு கிடைத்ததை மாட்டி ஓட்டுகிறார் என்று நினைத்தேன். உரிமையாளரிடம் மரியாதையாகக் கேட்டேன். “இல்லையப்பா, தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான்!” என்றார்.

விஷயம் இதுதான். 1960-ல் புது பிக்கப் விட வேண்டும், புது கேபினுக்கு அச்சு செய்யக் காசில்லை. அதனால் தங்கள் லார்க் காரின் முன்பாதியை எடுத்துக் கேபின் ஆக்கிவிட்டார்கள். முதலில் வந்த தொட்டி, அண்ணா சொன்ன பிக்கப்பில் இருந்த அதே தொட்டிதான், 1949-லிருந்து வருவது. அது பழசாகத் தெரிகிறது என்றதும் டாட்ஜ் நிறுவனத்திடமிருந்து அவர்களுடைய தொட்டி அச்சையே விலைக்கு வாங்கினார்கள். பின்கதவில் மட்டும் ஸ்டூடிபேக்கர் பெயரை அழுத்தி 1961-லிருந்து விற்றார்கள். கோடு எப்படிச் சேரும்?

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது. பின் கண்ணாடியைத் தள்ளித் திறக்கும் வசதியைப் பிக்கப்பில் கொண்டுவந்தவர்கள் இவர்கள். அந்த உரிமையாளர் அதைத் திறந்து கையை விட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்.

தொழில்காரன் கண்ணுக்கு, பணமில்லாதவன் செய்த வேலை தனியாகத் தெரியும். வெல்டிங் எல்லாம் சுத்தம். ஏமாற்று வேலை கிடையாது.

பேரன்:

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் டிரைவர், ஈரான் பக்கம் இருந்தார். நான் சின்ன வயதில் கேட்டது, முழுசாக நினைவில்லை. ‘இஸ்டுடுபேக்கர்’ என்பார். “காலையிலே பெட்டியிலே வந்து எறங்கும், சாயங்காலம் லாரியாப் போவும்” என்பார். கதை விடுகிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

வோல்கா:

தாத்தா கதை விடவில்லை, பேரன்.

ஈரானில் கோரம்ஷாரிலும் அண்டிமெஷ்கிலும் அமெரிக்கர்கள் லாரி பூட்டும் ஆலைகள் நடத்தினார்கள். கப்பலில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும். அங்கே பூட்டி, அதிலேயே சரக்கும் ஏற்றி, வடக்கே சோவியத் எல்லைக்கு ஓட்டி அனுப்புவார்கள். அதில் பெரும் பங்கு ஸ்டூடிபேக்கர் யுஎஸ்6. இரண்டரை டன், பத்துச் சக்கரம், முன்னும் பின்னும் எல்லாச் சக்கரத்துக்கும் இழுவை. என்ஜின் ஸ்டூடிபேக்கருடையது அல்ல, ஹெர்குலிஸ்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன். தொண்ணூறுகளின் கடைசி. வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டியின் கணவர் போரில் இருந்தவர். மே 9 வெற்றி நாள் அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் ஒரு கத்யூஷா ராக்கெட் வண்டி. நான் மேலே ராக்கெட் தண்டவாளத்தைப் பார்க்கிறேன், பெரியவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே முன்பக்கம் போய் மட்கார்டைத் தட்டினார். மாட்டைத் தட்டிக்கொடுப்பார்களே, அப்படி. “ஸ்டூடெர்” என்றார். அதுதான் அவர்கள் வைத்த செல்லப் பெயர். அவருக்கு அமெரிக்கா மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது, தொலைக்காட்சியில் அமெரிக்க அதிபர் வந்தால் எழுந்து போய்விடுவார். ஆனால் ஸ்டூடெர் மட்டும் வேறு. இலையுதிர் கால மழைக்குப் பிறகு ரஷ்யச் சாலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குப் புரியும். முழங்கால் வரை சேறு. அந்தச் சேற்றில் நிற்காமல் போன வண்டியை மறப்பார்களா?

கத்யூஷாவை முதலில் உள்நாட்டு ஜிஸ் லாரியில்தான் ஏற்றினார்கள். 1943-லிருந்து ஸ்டூடிபேக்கர்தான் அதன் வழக்கமான வாகனம். 16 ராக்கெட், 132 மில்லிமீட்டர். லாரிகளில் யுஎஸ்ஏ என்று எழுத்து இருக்கும். ரஷ்ய மொழியில் அந்த மூன்று எழுத்துக்கு ‘அந்த நாய்மகன் அடோல்ஃபைக் கொல்லு’ என்று சிப்பாய்கள் விரிவாக்கம் வைத்திருந்தார்களாம். பெரியவர் சொல்லிவிட்டு இருமும் வரை சிரித்தார்.

சவுத் பெண்டில் மட்டும் சுமார் 1,97,000 யுஎஸ்6 செய்தார்கள். லான்சிங்கில் ரியோ நிறுவனம் இன்னும் 22,000 சொச்சம். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கப் பட்டாளம் ஜிஎம்சி வண்டியையே தன் வழக்கமாக வைத்துக்கொண்டது. ஸ்டூடிபேக்கரைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டது. அதனால்தான் அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் என்றால் கார், ரஷ்யாவில் லாரி.

பழைய இரும்பு:

வோல்கா, கோடி புண்ணியம். இந்த இழையைத் தொடங்கியதற்கு இது ஒன்று போதும். பேரன், தாத்தாவின் போட்டோ ஏதாவது கிடைத்தால் போடுங்கள், பின்னால் ஏதாவது வண்டி நின்றால் கண்டுபிடித்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை:

நான் வண்டி ஆள் இல்லை. மன்னிக்கவும், ஸ்டீயரிங்கைப் பிடித்ததோடு சரி. சிகாகோவில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வேலை. ஆனால் எங்கள் தொழிலில் ஸ்டூடிபேக்கர் பெயர் தெரியாமல் யாரும் இருக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் மேலதிகாரி அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஸ்டூடிபேக்கர் தெரியுமா?” நான் கார் கம்பெனி என்றேன். “உனக்குச் சம்பளம் வருவதே அதனால்தான்” என்றார்.

1963 டிசம்பர் 9. கென்னடி சுடப்பட்டு 17 நாள்தான் ஆகியிருக்கிறது. சவுத் பெண்டில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 20-ஆம் தேதி கார் நின்றது, லாரி அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. கனடாவில் ஹாமில்டன் ஆலையில் கார் மட்டும் 1966 மார்ச் வரை இழுத்தது. சவுத் பெண்டில் சுமார் 7,000 பேருக்கு வேலை போனது.

ஓய்வூதிய நிதியைத் திறந்து பார்த்தால் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. யாரும் திருடவில்லை, அன்றைய சட்டப்படி அது குற்றமும் இல்லை. பல ஆண்டுகளில் மெதுவாக நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த நிதி, ஆலையே பாதியில் நின்றுவிட்டது. இருந்த பணத்தை வரிசைப்படி பிரித்தார்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் 60 வயது தாண்டியவர்களுமாக 3,600 பேர் அளவுக்கு முழுசாகக் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரை இருந்த சுமார் 4,000 பேருக்கு டாலருக்கு 15 சென்ட் வீதம். அதாவது நூறு வர வேண்டிய இடத்தில் பதினைந்து. அதற்குக் கீழே, 2,900 பேருக்கு ஒன்றுமே இல்லை. இந்த நடுப்பிரிவைத்தான் யோசித்துப் பாருங்கள். சராசரி வயது 52, சராசரியாக 23 வருட வேலை. இனி புதிதாகச் சேர்த்துக்கொள்ள வயதும் இல்லை.

மறு வருடமே இண்டியானா செனட்டர் வான்ஸ் ஹார்ட்கே ஓய்வூதியத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். நகரவில்லை. நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜேவிட்ஸ் 1967-லிருந்து விடாமல் தள்ளினார். கடைசியில் 1974 செப்டம்பர் 2, தொழிலாளர் தினத்தன்று ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். அதுதான் எரிசா சட்டம். அமெரிக்காவில் கம்பெனி ஓய்வூதியம் வாங்குகிற நம் ஆட்கள் உட்பட எல்லோருக்கும் இன்று இருக்கும் பாதுகாப்பு அங்கிருந்து வந்தது.

நீங்கள் ஹில் ஹோல்டர் வால்வு பற்றிச் சொன்னதைப் படித்ததும் எனக்கு வேறு மாதிரி தோன்றியது. சரி, அதை விடுங்கள்.

லேத்துப்பட்டறை:

சார், நான் பார்த்த சாம்ப் 1962 என்று எழுதினேன் இல்லையா. அதைச் செய்த கைகளெல்லாம் அடுத்த வருடம் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்களா! வெல்டிங் சுத்தம் என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு சின்னத் தகவல், மூடை மாற்ற. கடைசிக் காலத்தில் தபால் துறைக்கு ‘ஜிப் வேன்’ என்று ஒன்று செய்தார்கள், வலது பக்க ஸ்டீயரிங். பார்த்தவர் யாராவது உண்டா? நம் ஊர்க்காரன் அமெரிக்காவில் பழக்க தோஷம் இல்லாமல் ஏறி உட்காரக்கூடிய வண்டி.

பழைய இரும்பு:

ஜிப் வேன் நான் பார்த்ததில்லை. சவுத் பெண்டில் சிப்பவா அவென்யூவில் இருந்த ஸ்டூடிபேக்கர் லாரி ஆலையைப் பற்றி ஒரு வரி: 1964-ல் பட்டாள லாரி ஒப்பந்தத்தோடு கைசர் ஜீப் கம்பெனி அதை வாங்கியது. அதுதான் பிறகு ஏஎம் ஜெனரல், ஹம்வீ பட்டாள வண்டி செய்கிறவர்கள். ஆக ஸ்டூடிபேக்கரின் கார் செத்தது, லாரிக்கு மட்டும் ஏதோ ஒரு விழுது ஊன்றியது.

கணக்குப்பிள்ளை எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெரியவர் இதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. ஆனால் அவர் தெருவில் யார் யார் ‘ஸ்டூடிபேக்கரில் இருந்தவர்’ என்று மட்டும் சொல்வார். நம் ஊரில் ‘மில்லில் இருந்தவர்’ என்பது போல.

ஊரைவிட்டு வருவதற்கு முன், நியூ கார்லைல் பக்கம் பெண்டிக்ஸ் வுட்ஸ் பூங்காவுக்கு அவரே கூட்டிப்போனார், அந்தப் பச்சை வண்டியில். முன்பு அது ஸ்டூடிபேக்கரின் சோதனை ஓட்டத் திடல். முப்பதுகளின் கடைசியில் எட்டாயிரத்துச் சொச்சம் பைன் கன்றுகளை அரை மைல் நீளத்துக்குக் கம்பெனியின் பெயர் எழுத்துகளாக நட்டார்கள், மேலே விமானத்திலிருந்து படிப்பதற்கு. கம்பெனி போய் அத்தனை காலம் ஆகியும் நாங்கள் போனபோது மரங்கள் நின்றன.

உள்ளே நடந்தோம். கீழேயிருந்து பார்த்தால் எழுத்தும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் காடு. காலடியில் ஊசியிலை மெத்தை. எந்த எழுத்துக்குள் நிற்கிறோம் என்று கேட்டேன். பெரியவர் ‘பி’யாக இருக்கும் என்றார். போனை எடுத்து செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். சிக்னல் கிடைக்க நேரம் ஆனது. நீலப் புள்ளி இரண்டாவது ‘ஈ’யின் நடுக்கோட்டில் நின்றது. காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “பரவாயில்லை, இன்னும் ஒரு எழுத்துதான் நடக்க வேண்டும்” என்றார்.