புதுப்பிப்பு: ஹாம் பீன்ஸ் சூப்பில் பீன்ஸ் வேகாத சிக்கல் தீர்ந்தது

மிச்சமிருந்த ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை) எலும்போடு நேவி பீன்ஸ் (சின்ன வெள்ளை நிற உலர் பீன்ஸ்) போட்டு, மூன்று மணி நேரம் கொதித்தும் பீன்ஸ் கல் மாதிரியே கிடந்தது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, தக்காளியைக் கடைசியில் சேர்க்கச் சொன்ன பதில்தான். புளிப்பு இருந்தால் பீன்ஸ் இளகாது. நானோ தொடக்கத்திலேயே ஒரு டின் தக்காளியைக் கொட்டியிருந்தேன். இந்த முறையும் அதே பாக்கெட், அதே இரவு முழுக்க ஊறல். எலும்பு, வெங்காயம், செலரி, காரட், பிரிஞ்சி இலையோடு சிறுதீயில் வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் விரலால் நசுக்கினால் மசிந்தது. அப்புறம்தான் தக்காளி.

ஆப்ப சோடாவையும் ஒரு கிண்ணம் பீன்ஸில் தனியாகப் போட்டுப் பார்த்தேன். இன்னும் சீக்கிரம் வெந்தது, ஆனால் தோல் உரிந்து கூழாகி, லேசாகச் சோப்பு வாடை. எனக்குச் சரிப்படவில்லை.

எதிர்பாராதது உப்பு. ஹாமிலேயே அவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் வழக்கம்போல ஒரு ஸ்பூன் போட்டுவிட்டேன். இரண்டு கப் வெந்நீர் ஊற்றித்தான் சமாளித்தேன். நீர்த்துப்போனதற்கு, ஒரு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்தேன். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் ஜெல்லி மாதிரி உறைந்திருந்தது. கெட்டுப்போகவில்லை, எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டின்தான், சூடாக்கியதும் இளகிவிட்டது.