60 லிட்டர் பவளத் தொட்டி: உப்பு ஏறிக்கொண்டே போகிறது

கேள்வி: தொட்டி வைத்து மூன்று வாரம். ஆர்ஓ தண்ணீர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 1.025 காட்டிய உப்புநீரின் அடர்த்தி இப்போது 1.028. கழிவிலிருந்து வரும் நச்சுகளில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் 0.5. மென்பவளம் விடலாமா?

பதில் 1: ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக உப்புநீரையா ஊற்றுகிறீர்கள்? ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். இனி தினமும் வெறும் ஆர்ஓ தண்ணீரால் பழைய நீர்மட்டக் கோடுவரை நிரப்புங்கள். ஏறிய உப்பை இறக்க, நாளுக்கு 2 லிட்டராக மூன்று நாள் தொட்டிநீரை எடுத்து அதே அளவு ஆர்ஓ விடுங்கள். ஒரேயடியாக மாற்றினால் பாறையிலுள்ள சிற்றுயிர்கள் தாங்காது.

பதில் 2: அதற்குமுன் ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு காட்டும் கருவி) 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு என்ற அளவுள்ள சோதனைத் திரவத்தில் சரிபாருங்கள். பவளம் இப்போது வேண்டாம். நைட்ரைட் பூஜ்யமாகட்டும்.

கேட்டவர்: ஆமாம், உப்புநீர்தான் ஊற்றினேன். இன்றே நிறுத்துகிறேன், நன்றி.